இதயத்தின் இடைச்சுவர்: இப்னுன் நஃபீஸும் உடல் வளர்ச்சி பற்றிய பழைய கொள்கையும்

குழந்தை உண்ணும் உணவு எவ்வாறு அதன் எலும்பாகவும் தசையாகவும் மாறுகிறது, ஓர் எல்லைக்குப் பின் அவ்வளர்ச்சி ஏன் நின்றுவிடுகிறது என்பவை மருத்துவ நூல்களின் மிகப் பழைய வினாக்கள். இக்காலப் பாடநூல்கள் இரத்த ஓட்டத்தை ஓரியலிலும் உடல் வளர்ச்சியை வேறோர் இயலிலும் வைத்துப் பேசுகின்றன. இடைக்கால மருத்துவர்களுக்கோ இவ்விரண்டும் ஒரே பொருள். அவர்கள் பார்வையில் இரத்தம் வளர்ச்சியின் மூலப்பொருள். ஓடித் திரும்புவதற்காக அன்று, உறுப்புகளால் உண்ணப்படுவதற்காகவே அது உண்டாகிறது என்று அவர்கள் நம்பினர். இதை மனத்திற்கொள்ளாமல் இப்னுன் நஃபீஸின் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசுவோர், அதைக் குறைத்துச் சொல்லிவிடுகின்றனர். அல்லது கூட்டிச் சொல்லிவிடுகின்றனர். நம்மவர் மேடைகளில் பெரும்பாலும் நிகழ்வது இரண்டாவது. "ஹார்விக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர்" என்று ஒரே வாக்கியத்தில் அவரைப் பாராட்டி முடித்துவிடுகிறோம். அவர் உண்மையில் எதைக் கண்டார், எதைக் காணவில்லை, ஏன் காணவில்லை என்று கேட்டால்தான் அவருடைய அறிவின் அளவு விளங்கும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமில் புகழ்பெற்று விளங்கிய கிரேக்க மருத்துவர் கேலன், அதாவது அரபு நூல்கள் சொல்லும் ஜாலீனூஸ், வகுத்த முறைதான் பல நூற்றாண்டுகள் மருத்துவ உலகை ஆண்டது. உணவு இரைப்பையில் முதல்முறை செரித்துக் கஞ்சி போன்ற சாறாகிறது. அச்சாறு குடலிலிருந்து கல்லீரலை அடைந்து, அங்கே இரண்டாம் முறை பக்குவப்பட்டு இரத்தமாகிறது. அவ்விரத்தம் சிரைகளுக்குள் மூன்றாம் முறையும், உறுப்புகளைச் சேர்ந்தபின் நான்காம் முறையும் பக்குவமடைந்து, எலும்பில் எலும்பாகவும் தசையில் தசையாகவும் ஆகிவிடுகிறது. வாய்க்காலில் வயலுக்குப் பாய்ந்த நீர் திரும்பி வருவதில்லை. மண் அதை உறிஞ்சிக்கொள்கிறது. சிரைகளில் செல்லும் இரத்தமும் அவ்வாறே உறுப்புகளால் உறிஞ்சப்படுகிறது. மறுநாள் உணவிலிருந்து கல்லீரல் புதிய இரத்தத்தை ஆக்கிக்கொள்ளும்.

இவ்வகையில் மனித உடல் மூன்று பெரும் அமைப்புகளாகப் பகுக்கப்பட்டது. கல்லீரலைத் தலைமையாகக் கொண்ட சிரைகள் உணவூட்டலுக்கும் வளர்ச்சிக்கும் உரியவை. இதயத்தைத் தலைமையாகக் கொண்ட தமனிகள் உயிர்ப்புக்கும் உடற்சூட்டுக்கும் உரியவை. மூளையைத் தலைமையாகக் கொண்ட நரம்புகள் உணர்வுக்கும் அசைவுக்கும் உரியவை. யூனானி ஹகீம்களிடம் பழகியவர்கள் 'குவ்வத்தே தபயிய்யா', 'குவ்வத்தே ஹைவானிய்யா', 'குவ்வத்தே நஃப்ஸானிய்யா' என்னும் சொற்களைக் கேட்டிருக்கக்கூடும். அச்சொற்கள் சுட்டுவது இம்மூன்றையே.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (809-873) அவருடைய குழுவினரும் ஜாலீனூஸின் நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தனர். அந்நூல்கள் பரப்பில் பெரியன. ஒன்றுக்கொன்று முரணும் இடங்களும் அவற்றில் உண்டு. அவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தித் தர்க்க முறையில் அமைத்துத் தந்தவர் இப்னு சீனா (980-1037). அவருடைய 'அல்-கானூன் ஃபித் திப்'பின் முதற்பகுதியில் மனித வயதைப் பற்றிய ஒரு பகுப்பு உள்ளது. அது நம் பொருளுக்கு நேரே உரியது. வாழ்நாளை அவர் நான்கு பருவங்களாகப் பிரிக்கிறார். ஏறத்தாழ முப்பது வயது வரை வளர்ச்சிப் பருவம். முப்பத்தைந்து அல்லது நாற்பது வரை வளர்ச்சி நின்று நிலைக்கும் பருவம். அறுபதை ஒட்டும் வரை வலிமை குன்றாமலே தளர்ச்சி தொடங்கும் பருவம். அதன்பின் தளர்ச்சி வெளிப்படையாகத் தெரியும் முதுமை.

வளர்ச்சிப் பருவத்தையும் அவர் ஐந்தாகப் பகுக்கிறார். கைகால்கள் எழுந்து நடக்கத் தயாராகாத மழலை நிலை. எழுந்து நடந்தும் உறுதி பெறாத, பல் விழுந்து முளைத்து முடியாத நிலை. பற்கள் முளைத்தபின் பருவமடைவதற்கு முந்திய நிலை. முகத்தில் மயிர் அரும்பும் வரையுள்ள நிலை. பிறகு வளர்ச்சி முடியும் வரையுள்ள இளமை. ஆண்டுக் கணக்கை மட்டும் கொள்ளாமல் நடை, பல், பருவம், மயிர் ஆகிய உடற்குறிகளைக் கொண்டு பருவங்களை வரையறுத்திருப்பது கவனிக்கத்தக்கது. குழந்தையின் எலும்பு வயதை இன்று மருத்துவர்கள் மதிப்பிடும் முறையின் பின்னாலும் இத்தகைய எண்ணமே உள்ளது.

குழந்தையின் உடற்சூடு மிகுதியா, இளைஞனின் உடற்சூடு மிகுதியா என்று முன்னோரிடையே இருந்த பெரிய வழக்கு ஒன்றையும் இப்னு சீனா விரிவாக எடுத்துரைக்கிறார். இன்று படிப்பவருக்கு அது வீண் வாதமாகத் தோன்றலாம். ஆனால் அதன் அடியில் உண்மையான ஒரு சிக்கல் இருந்தது. குழந்தை தன் உடலளவுக்கு மிஞ்சி உண்கிறது, வளர்கிறது. இளைஞன் அவ்வாறு வளர்வதில்லை. அப்படியானால் வளர்க்கும் ஆற்றல் எங்கே போயிற்று? உடலின் இயற்கை ஈரம் குறையக் குறைய வளர்ச்சி நிற்கிறது என்பது அவர்கள் கண்ட விடை. எண்ணெய் குறைந்த விளக்கின் உவமை இங்குதான் வந்து சேர்கிறது. எப்படியாயினும், வளர்ச்சிக்கான பொருளை அனுப்புவது கல்லீரல், செல்லும் வழி சிரை என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இம்முறையில் வலுவற்ற ஓரிடம் இருந்தது. இதயத்தின் இடப்புறத்தில்தான் உயிர்ப்புக்குரிய 'ரூஹ்' உண்டாகிறது என்றும், மென்மையான இரத்தமும் காற்றும் கலந்தே அது உண்டாகிறது என்றும் கொண்டனர். காற்று நுரையீரலிலிருந்து வருகிறது. இரத்தம் எங்கிருந்து வருகிறது? கல்லீரலிலிருந்து வரும் சிரை இதயத்தின் வலப்புறத்தில் அல்லவா திறக்கிறது? வலக்கீழறைக்கும் இடக்கீழறைக்கும் நடுவேயுள்ள தடித்த சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிந்து செல்கிறது என்றார் ஜாலீனூஸ். அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்குகளும் பன்றிகளும். அச்சுவரில் குழிகள் போன்ற பள்ளங்கள் தெரியும்; மறுபுறம் வரை செல்லும் வழி எதுவும் தெரியாது. அமைப்பு முழுமை பெறுவதற்குத் துளை வேண்டியிருந்தது. ஆகவே துளை இருப்பதாகக் கொள்ளப்பட்டது. இப்னு சீனாவும் இதை ஏற்றதுடன், இதயத்தில் மூன்று அறைகள் உண்டு என்னும் கருத்தையும் எழுதிவைத்தார்.

ஜாலீனூஸை ஐயுறுவது முஸ்லிம் உலகிற்குப் புதிதன்று. அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி 'ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்' என்ற பெயரிலேயே ஒரு நூல் செய்தார். எனினும் உடலமைப்பைப் பொறுத்தவரை நேரிற் கண்டு மறுத்த முதற்பெரும் சான்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் முடிவையொட்டி எகிப்தில் கிடைத்தது. பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் (1162-1231) அப்போது கெய்ரோவில் இருந்தார். ஹிஜ்ரி 597, 598 ஆம் ஆண்டுகளில் நைல் நதியில் நீர் பெருகாமையால் கொடும் பஞ்சம் விளைந்தது. மனிதர் மனிதரைத் தின்ற செய்திகளை அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். படிக்க நெஞ்சு பொறுக்காது. கெய்ரோவையடுத்த அல்-மக்ஸ் என்னுமிடத்தில் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடப்பதாகக் கேள்வியுற்று அங்கே சென்றார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் முகவாய்க்கட்டையில் இணைந்து ஆனது என்று ஜாலீனூஸ் எழுதியிருந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை அப்துல் லத்தீஃப் பார்த்தார். எதிலும் இணைப்பு இல்லை. தாம் பார்த்ததோடு நில்லாமல் பிறரையும் பார்க்கச் செய்தார். கீழ்த்தாடை ஒரே எலும்பு என்றும், ஜாலீனூஸ் எவ்வளவு கவனமுள்ளவராயினும் அவர் சொல்லைவிடக் கண் தரும் சான்றே நம்பத்தக்கது என்றும் எழுதினார்.

இங்கே வளர்ச்சி பற்றிய ஒரு நுட்பமும் இருக்கிறது. பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை உண்மையில் இரண்டு பாதிகளாகவே இருக்கும். முதலாண்டு முடிவதற்குள் அவை ஒன்றாகிவிடும். பல விலங்குகளில் அவ்விணைப்பு வாழ்நாள் முழுதும் நீடிக்கும். ஜாலீனூஸ் கண்டது விலங்கின் உண்மை. அதை வளர்ந்த மனிதன் மீது ஏற்றியதே தவறு.

இப்பின்னணியில்தான் அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்-குரஷீ தோன்றுகிறார். இப்னுன் நஃபீஸ் என்று நாம் அறிவது இவரையே. கி.பி. 1210ஐ ஒட்டித் திமிஷ்கு நகர்ப்புறத்தில் பிறந்தார். சுல்தான் நூருத்தீன் ஸங்கி நிறுவிய நூரி மருத்துவமனையில், முஹத்தபுத்தீன் அத்-தக்வாரிடம் மருத்துவம் பயின்றார். பின்னர் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே வாழ்ந்தார். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹில் ஆழ்ந்த புலமையுடையவர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் அக்கலையைக் கற்பித்தவர். ஹதீஸ் கலையிலும் மொழியிலக்கணத்திலும் நூல்கள் எழுதியவர். மருத்துவர் ஒருவர் பொழுதுபோக்காகச் சமயம் படித்தார் என்றோ, ஆலிம் ஒருவர் பொழுதுபோக்காக மருத்துவம் பார்த்தார் என்றோ இவரைச் சொல்ல இயலாது. இரண்டும் அவரிடம் ஒரே அறிவாக இருந்தன. இது பின்னர் நமக்குத் தேவைப்படும்.

அவரைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இரண்டொரு செய்திகளைக் குறித்து வைத்துள்ளனர். எழுத உட்காரும்போது பேனாக்களை முன்கூட்டியே சீவி வைப்பார்களாம். சுவரைப் பார்த்துத் திரும்பி அமர்ந்து, எந்த நூலையும் புரட்டாமல் நினைவிலிருந்தே வெள்ளம்போல் எழுதுவார். ஒரு பேனா மழுங்கினால் அதைச் சீவ நேரம் செலவிடாமல் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒருமுறை ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் உடைமாற்றும் அறைக்கு வந்து, தாளும் மையும் கேட்டு வாங்கி, நாடித்துடிப்பைப் பற்றி ஒரு சிறு நூலை எழுதி முடித்துவிட்டுத் திரும்பச் சென்று குளியலை முடித்தார் என்பர். இச்செய்திகளில் மாணவர்களின் மிகைப்படுத்தல் கலந்திருக்கலாம். ஆனால் 'அஷ்-ஷாமில்' என்னும் மருத்துவக் களஞ்சியத்தை முந்நூறு தொகுதிகளாக அவர் திட்டமிட்டதும், எண்பது தொகுதிகளை எழுதி முடித்ததும் பதிவாகியுள்ளன. அவ்வேகத்தை நம்பலாம்.

இப்னு சீனாவின் கானூனில் உடலமைப்புச் செய்திகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி அவர் எழுதிய உரையே 'ஷரஹு தஷ்ரீஹில் கானூன்'. இதன் கைப்படி ஒன்று ஹிஜ்ரி 640 (கி.பி. 1242) என்னும் ஆண்டைத் தாங்கியுள்ளது. ஆகவே முப்பது வயதை ஒட்டிய காலத்திலேயே அவர் இதை எழுதிவிட்டார்.

அவர் வாதம் எளிமையானது. இடப்புறத்தில் ரூஹ் உண்டாக வேண்டுமெனில் இரத்தம் அங்கே சென்றாக வேண்டும். இடைச்சுவரின் வழியே செல்லுமா? செல்லாது. அச்சுவர் தடித்தது, இறுகியது. சிலர் நினைத்ததுபோல் கண்ணுக்குத் தெரியும் துளையும் அதில் இல்லை. ஜாலீனூஸ் நினைத்ததுபோல் தெரியாத துளையும் இல்லை. அப்படியானால் வலப்புறத்தில் மென்மையாக்கப்பட்ட இரத்தம், அங்கிருந்து புறப்படும் தடித்த நாளத்தின் வழியே நுரையீரலை அடைந்து, அதனுள் பரவி, காற்றுடன் கலந்து, மெல்லிய நாளத்தின் வழியே இடப்புறத்துக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை. நுரையீரலுக்குச் செல்லும் நாளத்தின் சுவர் ஏன் தடித்தது, திரும்பும் நாளத்தின் சுவர் ஏன் மெல்லியது என்பதற்கும் அவர் விடை சொன்னார். தடித்த சுவரிலிருந்து மிக நுண்ணிய பகுதி மட்டுமே கசிந்து வெளிவரும். மெல்லிய சுவர் அதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே இதற்கெனவே வழிகள் உண்டு என்றும் எழுதினார். இதயத்தில் அறைகள் மூன்றல்ல, இரண்டே என்றார். இதயத் தசை வலக்கீழறையில் தங்கிய இரத்தத்தால் ஊட்டம் பெறுகிறது என்ற இப்னு சீனாவின் கூற்றை மறுத்து, இதயத்தின் உடலுக்குள்ளேயே பரவிச் செல்லும் நாளங்களே அதற்கு உணவூட்டுகின்றன என்றார். மாரடைப்பைப் பற்றி இன்று கேள்விப்படும் எவரும் அந்நாளங்களின் பெயரை அறிவர்.

வளர்ச்சியின் இன்னொரு விந்தையை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். இதயத்தில் உண்மையாகவே ஒரு துளை உண்டு. ஆனால் பிறப்பதற்கு முன்னர், அதுவும் கீழறைகளுக்கு நடுவே அன்று, மேலறைகளுக்கு நடுவே. கருவறையிலுள்ள சிசு மூச்சு விடுவதில்லை. எனவே இரத்தத்தின் பெரும்பகுதி நுரையீரலைத் தவிர்த்து அத்துளை வழியே வலமிருந்து இடம் செல்கிறது. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அழுத்தம் மாறி அது மூடிக்கொள்கிறது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முழுமையாக ஒட்டாமல், பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழ்நாள் முழுதும் இருந்துவிடுகிறது. சிசுவின் இந்த வழியை ஜாலீனூஸ் அறிந்து எழுதியிருக்கிறார்! அவ்வளவு கூர்ந்து கண்டவர், கீழறைச் சுவரில் இல்லாத துளையை ஏற்றது அவருடைய அமைப்பின் கட்டாயத்தால்தான்.

இப்னுன் நஃபீஸ் இறந்த உடலை அறுத்துப் பார்த்தாரா என்பது நூறாண்டுகளாக நடக்கும் விவாதம். ஷரீஅத்தின் தடையும் தம் இயல்பிலுள்ள இரக்கமும் தம்மை அச்செயலிலிருந்து விலக்கின என்று நூலின் முகப்பில் அவரே கூறுகிறார். ஆனால் உள்ளே, இப்னு சீனா கூறியதைத் 'தஷ்ரீஹ் பொய்ப்பிக்கிறது' என்ற கருத்துப்பட எழுதும் இடங்களும் உள்ளன. முகப்புரை ஒரு பாதுகாப்புக் கவசம் என்பார் ஒரு சாரார். அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பொய்யாக ஷரீஅத்தைச் சாட்சிக்கு அழைக்கும் ஃபகீஹ் அல்லர் அவர். இறைச்சிக்கு அறுக்கப்படும் ஆட்டின் இதயத்தைப் பார்க்க ஃபத்வா தேவையில்லை. அச்சுவரின் தடிப்பை அதிலேயே காணலாம். எமிலி ஸாவேஜ்-ஸ்மித் 1995இல் எழுதிய கட்டுரையில், உடலை அறுப்பதை வெளிப்படையாகத் தடைசெய்யும் தீர்ப்புகளை இடைக்கால இஸ்லாமிய நூல்களில் காண்பது அரிது என்பதையும், அக்கலையைப் புகழ்ந்தோர் பலர் இருந்தனர் என்பதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். அது நடைமுறையில் வழக்கமாக இருந்தது என்று சொல்லவும் சான்று இல்லை.

நஹ்யான் ஃபான்ஸி 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கதவைத் திறந்தது. நுரையீரல் வழி என்னும் முடிவுக்கு இப்னுன் நஃபீஸை இட்டுச் சென்றது, உடல், ரூஹ், நஃப்ஸ் ஆகியவற்றின் உறவு பற்றிய அவருடைய சமயச் சிந்தனையும்தான் என்பது அவர் வாதம். இதற்குத் துணையாக நிற்பது 'அர்-ரிஸாலத்துல் காமிலிய்யா' என்னும் கதை. இப்னு துஃபைலின் 'ஹய் இப்னு யக்ளானு'க்கு மறுமொழி போன்றது அது. ஆளில்லாத் தீவில் ஒரு குகையின் களிமண்ணிலிருந்து காமில் என்பவன் தாய் தந்தையின்றித் தோன்றுகிறான். கருப்பையைப்போல் இடமும் பொருளும் குறுகியிராமையால், பச்சிளங்குழந்தையாக அன்றிப் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் போன்ற வளர்ச்சியுடன் வெளிவருகிறான். வளர்ச்சி என்பது ஊட்டத்தின் அளவைப் பொறுத்தது என்ற மருத்துவக் கொள்கை அப்படியே கதையாகியிருக்கிறது. காமில் விலங்குகளின் உடலைக் கூரிய கற்களால் பிளந்து உள்ளுறுப்புகளை அறிகிறான். பின்னர் நுபுவ்வத்தின் தேவையையும் மறுமையையும் அறிவால் உணர்கிறான்.

அந்நூலில் உடல் மீண்டும் எழுப்பப்படுவதை விளக்கும் இடம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. மனிதனின் எல்லாப் பகுதியும் மக்கிப்போக, 'அஜ்புத் தனப்' என்னும் வாலெலும்பு நுனி மட்டும் எஞ்சும் என்னும் ஹதீஸ் வாசகர்கள் அறிந்ததே. நஃப்ஸ் அவ்விடத்தைப் பற்றி நின்று, உரிய காலத்தில் சுற்றியுள்ள பொருளை ஈர்த்து, அதை ஊட்டமாக மாற்றி, உடலை இரண்டாம் முறை வளர்த்தெடுக்கும் என்று இப்னுன் நஃபீஸ் விளக்குகிறார். கருவறையில் நடந்ததே மறுபடியும் நடக்கும் என்பது அவர் எண்ணம். வளர்ச்சிக் கொள்கை அவருக்கு எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதுவே அவருடைய எல்லையுமாயிற்று. இடைச்சுவரை மூடிய அவர், கல்லீரலை அசைக்கவில்லை. இரத்தத்தைக் கல்லீரல் ஆக்குகிறது, சிரைகள் சுமக்கின்றன, உறுப்புகள் உண்டு வளர்கின்றன என்ற பழைய கொள்கை அவரிடம் அப்படியே இருந்தது. நுரையீரலுக்குச் சென்ற இரத்தத்தில் தடித்த பகுதி அந்நுரையீரலுக்கே உணவாகிவிடும், நுண்ணிய பகுதி மட்டுமே இதயத்துக்குத் திரும்பும் என்றுதான் அவரும் எழுதினார். தமனியில் சென்றது சிரை வழியே மீண்டும் வருகிறது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இரத்தம் உணவு என்று நம்புபவர் அது திரும்பி வரும் வழியைத் தேடமாட்டார்.

கண்டதும் பரவவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் ஸதீதுத்தீன் அல்-காஸரூனி போன்ற சில உரையாசிரியர்கள் அக்கருத்தை அறிந்து எழுதியுள்ளனர். ஆனால் இப்னுன் நஃபீஸின் நூல்களில் மிகுதியாகப் படிக்கப்பட்டது கானூனின் சுருக்கமான 'அல்-மூஜஸ்'. அதில் உடலமைப்புப் பகுதியை அவர் விட்டுவிட்டார். இந்திய யூனானிக் கல்வியில் மூஜஸும், அதற்கு நஃபீஸ் இப்னு இவள் அல்-கிர்மானி எழுதிய 'நஃபீஸி' என்னும் உரையும் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்தன. அவர் பெயரை நாள்தோறும் சொன்ன மாணவர்கள் அவர் கண்டதை அப்பாடத்தில் காண வாய்ப்பில்லாமற் போயிற்று. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஷீராஸின் மன்ஸூர் இப்னு இல்யாஸ் பாரசீகத்தில் எழுதிய 'தஷ்ரீஹே மன்ஸூரி', எலும்பு, நரம்பு, தசை, சிரை, தமனி என ஐந்து அமைப்புகளையும் முழு உருவப் படங்களாகக் காட்டிற்று; கருவுற்ற பெண்ணின் படமும் அதில் உண்டு. அழகிய நூல். சிரைகளும் தமனிகளும் அதிலும் பழைய முறைப்படி இருவேறு அமைப்புகளே.

ஐரோப்பாவில் மிகுவேல் செர்வெட்டோ 1553இலும், ரியால்டோ கொலம்போ 1559இலும் நுரையீரல் வழியை எழுதினர். செர்வெட்டோ தம் சமயக் கருத்துகளுக்காக அதே 1553இல் ஜெனீவாவில் உயிருடன் எரிக்கப்பட்டார். இவர்கள் இப்னுன் நஃபீஸை அறிந்திருந்தனரா? திமிஷ்கில் வெனிஸ் தூதரக மருத்துவராகப் பல்லாண்டுகள் வாழ்ந்த அந்திரேயா அல்பாகோ, இப்னுன் நஃபீஸின் உரையில் ஒரு பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். அது 1547இல் வெனிஸில் அச்சாயிற்று. ஆனால் அப்பகுதி கூட்டு மருந்துகளைப் பற்றியது. ஆண்டுகளின் நெருக்கம் ஐயத்தை எழுப்புகிறது, ஐயம் சான்றாகாது. 'திருடிவிட்டார்கள்' என்று எழுதுவோர் இந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

கல்லீரல் கொள்கை உடைந்தது 1628இல். வில்லியம் ஹார்வி அதைக் கணக்கால் உடைத்தார். இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் இரத்தத்தையே வெளியேற்றுவதாகக் கொண்டாலும், அரைமணி நேரத்தின் ஆயிரம் துடிப்புகளில் ஐந்நூறு அவுன்ஸ் ஆகிவிடும். உடலில் அவ்வளவு இரத்தமே இல்லை. அரைமணியில் உண்ணும் எந்த உணவிலிருந்தும் அவ்வளவு உண்டாகவும் முடியாது. எனவே அதே இரத்தம்தான் சுற்றிவருகிறது. இன்றைய அளவில், ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்து லிட்டரை வெளியேற்றுகிறது. உடலின் மொத்த இரத்தமும் ஏறத்தாழ அதே ஐந்து லிட்டர்தான். தமனிக்கும் சிரைக்கும் இடையிலான நுண்வழிகளை ஹார்வி காணவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பிகி உருப்பெருக்கியில் தவளையின் நுரையீரலை வைத்துப் பார்த்தபோது அவை தெரிந்தன. நுரையீரலில் வழிகள் இருந்தாக வேண்டும் என்று இப்னுன் நஃபீஸ் எழுதி அப்போது நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் ஹிஜ்ரி 687 (கி.பி. 1288)இல் கெய்ரோவில் வஃபாத்தானார். இறுதி நோயில் மருந்தாக மதுவைப் பரிந்துரைத்தபோது, தம் உடலில் மதுவுடன் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார் என்று குறித்துள்ளனர். தம் வீட்டையும் நூல்களையும் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிமுடித்த மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபு செய்தார். நுரையீரல் வழி பற்றிய பகுதி உலகத்துக்குத் தெரிய 1924 ஆக வேண்டியிருந்தது. முஹ்யித்தீன் அத்-ததாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்துக் கைப்படியை ஆராய்ந்து, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை அளித்தார். அது அச்சேறவில்லை. கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானியக் கண் மருத்துவர் மாக்ஸ் மையர்ஹோஃப் அதன் செய்தியைச் சரிபார்த்து 1930களில் கட்டுரைகள் எழுதியபின்னரே அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது. அரபு மூலம் கெய்ரோவில் பதிப்பிக்கப்பட்டது 1988இல்தான்.

வளர்ச்சி பற்றிய அந்தப் பழைய வினாவுக்கு வேறு வகையில் விடை வந்தது. எலும்பின் முனையருகேயுள்ள குருத்தெலும்புத் தட்டுகளில் நீள வளர்ச்சி நிகழ்கிறது. இருபதாம் வயதை ஒட்டிப் பெரும்பாலானவை எலும்பாகி மூடிவிடுகின்றன. காறை எலும்பின் உள்முனை மட்டும் இருபதுகளின் பிற்பகுதி வரை தாமதிக்கும். முப்பது என்ற இப்னு சீனாவின் எல்லை இதை அறிந்து சொன்னதன்று. மனிதர்களைப் பார்த்துச் சொன்னது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வளர்ச்சி நீர் எலும்பில் நேரே செய்வதைவிட மிகுதியான வேலையை இடையில் நிற்கும் வேறொரு பொருளின் மூலம் செய்கிறது என்பதற்கு 1957இல் சால்மன், டாகடே என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் சான்று கண்டனர். இரத்தத்தில் ஓடும் அப்பொருளில் பெரும்பங்கு கல்லீரலில் உண்டாகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. கல்லீரலை விட்டு வெளியேறும் அது பெருஞ்சிரையில் கலந்து வலக்கீழறையை அடைகிறது. இடைச்சுவரைக் கடக்காமல் நுரையீரல் சென்று, இடக்கீழறைக்கு வந்து, அதன் பிறகே வளரும் குழந்தையின் எலும்புக்குப் போய்ச் சேர்கிறது.